அபூர்வம்னா சொல்ல வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

2005 பிப்ரவரி 28, திங்கட்கிழமை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பயோஜென் ஐடெக் என்கிற மருந்து கம்பெனியின் பங்கு, ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அதன் கூட்டாளியான அயர்லாந்து கம்பெனி ஈலானின் நிலைமை இன்னும் மோசம். சுமார் 70 சதவீதம் காலி! காலையில் நூறு ரூபாய் வைத்திருந்தவர் கையில் சாயங்காலம் முப்பது ரூபாய்.

அப்படி என்ன ஆச்சு? டிசாப்ரி என்ற தங்கள் புது மருந்தின் விற்பனையை இரண்டு கம்பெனிகளும் நிறுத்திவிட்டன. காரணம், இரண்டே இரண்டு நோயாளிகள். மருந்து எடுத்துக்கொண்ட இரண்டு பேருக்கு மூளையில் ஒரு அபூர்வ நோய் வந்திருந்தது. ஒருவர் இறந்துபோனார்.

இதில் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது வேறு ஒரு தேதி. பிப்ரவரி 18. அதாவது விஷயம் ஊருக்குத் தெரிவதற்குப் பத்து நாள் முன்பு. அன்றைக்கு பயோஜென் கம்பெனியின் தலைமை வக்கீல் தன்னிடம் இருந்த கம்பெனிப் பங்குகளைக் கொத்தாக விற்றார். பிறகு அந்த நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் பிடித்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லாமல், மறுக்கவும் இல்லாமல், சுமார் 30 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார் அந்த வக்கீல்.

கவனியுங்கள். பங்கு வைத்திருந்தவனுக்கு ஒரு தகவல் பத்து நாள் தாமதமாகக் கிடைத்தது. அதற்கு ஒரு ஆணையம் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. சரிதான், இருக்க வேண்டியதுதான். அதே மருந்தைத் தன் நரம்பில் ஏற்றிக்கொண்டவனுக்குத் தகவல் தாமதமானால்? அவனுக்கு எந்த ஆணையம்?

இந்தக் கேள்விதான் இந்த வாரம் நம் பஞ்சாயத்து.

முதலில் அந்த நோய் என்ன என்று பார்த்துவிடலாம். பெயர் வாயில் நுழையாது. சுருக்கமாக பி.எம்.எல். என்கிறார்கள். 1958ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்கள் மூன்று பேர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார்கள். அதற்குக் காரணமான வைரஸை 1971ல் விஸ்கான்சின் ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். எந்த நோயாளியின் மூளையிலிருந்து எடுத்தார்களோ, அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்து 'ஜே.சி. வைரஸ்' என்று பெயரிட்டார்கள்.

இந்த வைரஸ் எங்கேயோ அமேசான் காட்டில் ஒளிந்திருக்கும் பூதம் இல்லை. உலகத்தில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்புக்குள் இது இருக்கிறது. எனக்கு இருக்கலாம். உங்களுக்கும் இருக்கலாம். சின்ன வயதில் சத்தமில்லாமல் உள்ளே வந்து, சிறுநீரகத்தில் ஒரு மூலையில் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும். நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் வாலை ஆட்டாது.

எதிர்ப்புச் சக்தி படுத்தால்தான் வினை. எய்ட்ஸ் நோயாளிகள், ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டு அதற்காக மருந்து சாப்பிடுபவர்கள்... இவர்களில் வெகு சிலருக்கு அந்த வைரஸ் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையின் நரம்பு இழைகளுக்கு மின்சார ஒயருக்கு இருப்பது மாதிரி மேலுறை உண்டு. அந்த உறையை உண்டாக்கும் செல்களை இது கொன்றுவிடும். உறை உரிந்த ஒயர் என்ன ஆகும்? பேச்சு குழறும். ஒரு பக்கக் கை, கால் விழும். பார்வை போகும். ஆள் குணமே மாறும். ஒரே நாளில் இல்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. இந்த வைரஸைக் கொல்ல இன்றைய தேதி வரைக்கும் மருந்து கிடையாது. இருக்கிற ஒரே வழி, படுத்துப்போன எதிர்ப்புச் சக்தியை எழுப்பி விடுவதுதான்.

சரி, டிசாப்ரிக்கு வருவோம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், வாழ்க்கை ஆரம்பிக்கிற நேரத்தில் வருவது. உடம்பின் எதிர்ப்பு செல்களே மூளைக்குள் புகுந்து அதே மேலுறையைக் கடித்துக் குதறும். டிசாப்ரி என்ன செய்கிறது என்றால், அந்த செல்கள் ரத்தக் குழாயிலிருந்து மூளைக்குள் நுழைய முடியாமல் தடுக்கிறது. ஊருக்குள் கலவரக்காரர்கள் வராமல் பாலத்தை மூடிவிடுகிற மாதிரி. பிரமாதமான யோசனை. வேலையும் செய்தது. ஆனால், போலீஸ் வேனும் அதே பாலத்தில்தானே வரணும்? பாலத்தை மூடிய ஊரில் ஜே.சி. வைரஸ் புகுந்தபோது விரட்ட ஆளில்லை.

2004 நவம்பரில், ஓராண்டு சோதனை முடிவுகளை வைத்தே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அவசர அனுமதி கொடுத்தது. விலை ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 23,500 டாலர். மூன்றே மாதத்தில் கதை முடிந்தது.

இங்கேதான் நெஞ்சைப் பிசைகிற விஷயம் வருகிறது. மருந்தை நிறுத்திய பிறகு, 'வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்குமா?' என்று பழைய ஃபைல்களைத் திருப்பிப் பார்த்தார்கள். பெல்ஜியத்தில் ஒரு நோயாளி. குடல் நோய் ஒன்றுக்காக இதே மருந்தின் சோதனையில் சேர்ந்தவர். 2003லேயே இறந்துபோனார். காரணம் மூளைக் கட்டி என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். இப்போது அதே திசுவை மறுபடி எடுத்துப் பார்த்தால், கட்டி இல்லை, பி.எம்.எல்! சேமித்து வைத்திருந்த அவருடைய ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தால், நோய் அறிகுறி தெரிவதற்கு முன்பே அதில் ஜே.சி. வைரஸ் இருந்திருக்கிறது.

அதாவது மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே முதல் சாவு நடந்துவிட்டது. யாரும் மறைக்கவில்லை. அந்த டாக்டர்கள் மேல் நான் பழி சொல்லவில்லை. 'அபூர்வ நோய், அதெல்லாம் இங்கே எங்கே வரப்போகுது' என்கிற மனசு தேடவிடாது. தேடாததால் கிடைக்காது. கிடைக்காததால் அது 'அபூர்வம்' ஆகவே இருக்கும். இந்த வட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் உயிர். 2006 மார்ச்சில் எஃப்.டி.ஏ. நிபுணர் குழு இரண்டு நாள் கூட்டம் போட்டது. மருந்தைத் திரும்ப அனுமதிக்கலாமா? கணக்கு மேஜைமேல் இருந்தது. சோதனைகளில் மருந்து எடுத்த சுமார் மூவாயிரம் பேரில் மூன்று பேருக்கு நோய். ஆயிரத்தில் ஒருவர். வந்தால் சாவு, அல்லது சாவுக்குப் பக்கத்தில் ஒரு வாழ்க்கை. இதையெல்லாம் கேட்ட நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'எங்களுக்கு அந்த மருந்து வேணும்' என்றார்கள். கால் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று என்பது எடுக்கத்தக்க துணிச்சலாகத் தெரிந்தது. குழு ஒருமனதாகச் 'சரி' என்றது. அந்த ஜூனில் மருந்து திரும்பி வந்தது. பதிவு செய்த மையங்களில் மட்டும், பதிவு செய்த நோயாளிக்கு மட்டும், ஒவ்வொரு முறை ஊசிக்கு முன்பும் கேள்விப் பட்டியல் போட்டு விசாரித்த பிறகு மட்டும்.

வந்தபோது விலை ஏறத்தாழ 28,400 டாலர்! ஆபத்து இருக்கிறது என்று நிரூபணம் ஆன பிறகு சரக்கின் விலையை ஏற்றி விற்கிற வித்தை மருந்துச் சந்தைக்கு மட்டுமே தெரியும். நான் பி.காம் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. போகட்டும்.

நான் சொல்ல வருவது விலையைப் பற்றி இல்லை. 'கொலைகார மருந்து, தடை செய்' என்று நான் கூவப்போவதும் இல்லை. சொன்னார்கள், அதனால் மக்கள் தெரிந்துகொண்டு முடிவெடுத்தார்கள் என்பதுதான் நான் பிடித்துக்கொள்கிற நூல். சொன்னதால் இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்க இந்த மருந்து எடுத்தவர்களில் பி.எம்.எல். வந்தவர்கள் எண்ணிக்கை பின்னாளில் எண்ணூறைத் தாண்டியது. அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு இறந்துபோனார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எண்ணியதால், யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. 2012 ஜனவரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஜே.சி. வைரஸின் தடயம் ரத்தத்தில் இல்லையா? உங்கள் ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. தடயம் இருக்கிறது, முன்பே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் ஊசி போட்டாச்சு என்றால் சுமார் நூறில் ஒன்று. ஒரே மருந்து, ஒரே நோய். ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நூறு மடங்கு வித்தியாசம்! 'அபூர்வம்' என்ற ஒற்றை வார்த்தையைப் போட்டு மூடியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

இனி நம் ஊர்.

என் சித்தப்பாவுக்கு சில வருஷங்களுக்கு முன்னால் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நல்லபடியாக முடிந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் வாக்கிங் போகிறார், என்னோடு அரசியல் சண்டை போடுகிறார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை. ஆயுள் முழுக்கச் சாப்பிடணும். சித்தி ரிட்டையர்டு டீச்சர். நோட்டும் பேனாவுமாக டாக்டரிடம் கேட்டார்: "சார், இந்த மாத்திரையால வேற ஏதாவது வருமா? எதைக் கவனிச்சுக்கணும்?"

டாக்டர் சிரித்தார். "அம்மா, நீங்க அதையெல்லாம் படிச்சுக் குழப்பிக்காதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

சித்தி நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அந்தப் பையில் மைக்கோஃபெனோலேட் இருந்தது. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற, பல லட்சம் பேரைக் காப்பாற்றிய நல்ல மருந்து. இதை எடுப்பவர்களிலும் வெகு சிலருக்கு பி.எம்.எல். வரலாம் என்று 2008ல் அமெரிக்காவில் எச்சரிக்கை சேர்த்தார்கள். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் போடுகிற ரிடுக்ஸிமேப் ஊசிக்கு 2006 டிசம்பரிலேயே எச்சரிக்கை வந்தது. இந்தியாவிலேயே தயாராகி 2007 முதல் இங்கே விற்கிற மருந்து அது. சோரியாசிஸுக்கு வந்த ராப்டிவா என்ற ஊசியை, இந்த நோயின் காரணமாகவே 2009ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் இந்தச் சேதி, இங்கே டாக்டர் மேஜையைத் தாண்டி நோயாளி கைக்கு வருவதில்லை. வந்தாலும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், இங்கிலீஷில்.

இப்போது என் வியாபாரப் பாடத்துக்கு வருகிறேன். ஒரு கம்பெனி பப்ளிக் இஷ்யூ போட்டால் 'ரிஸ்க் ஃபாக்டர்ஸ்' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். 'எங்கள் மேல் கேஸ் இருக்கிறது', 'எங்கள் லாபம் குறையலாம்' என்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும். செபி விடாது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் ரயில் வேகத்தில் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்று ஒப்பிப்பாரே, கேட்டிருப்பீர்கள். ஐந்நூறு ரூபாய் முதலீட்டுக்கு இத்தனை எச்சரிக்கை! ஆயுள் முழுக்க உடம்புக்குள் போகிற மருந்துக்கு 'நாங்க பாத்துக்கறோம்' போதுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2008ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய சம்மதம் இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு. நோயாளியின் சம்மதம் இல்லாமல் செய்தது தப்பு என்றது கோர்ட். போதிய தகவல் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. கைதட்ட வேண்டிய தீர்ப்பு. ஆனால் அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. வெகு தொலைவில் இருக்கிற ஆபத்துகளை எல்லாம் விளக்கத் தேவையில்லை. அது நோயாளியைப் பயமுறுத்தி, தேவையான சிகிச்சையையே மறுக்க வைத்துவிடலாம் என்கிறது.

கோர்ட்டின் கவலை நியாயமானதுதான். அவசர ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்து நூறு பயங்களைப் பட்டியல் போட முடியாது. ஆனால் மாத்திரை அப்படி இல்லையே! பத்து வருஷம், இருபது வருஷம் சாப்பிடப் போகிறார். பேச்சு லேசாகக் குழறும்போது, 'வயசாச்சு, பிரஷர் கூடியிருக்கும்' என்று வீட்டோடு இருந்துவிடுவாரா, இல்லை உடனே ஓடி வருவாரா என்பது அவருக்கு முன்பே சொல்லப்பட்டதா என்பதைப் பொறுத்தது. மருந்தால் வருகிற பி.எம்.எல்.லில் சீக்கிரம் கண்டுபிடித்து அந்த மருந்தை மாற்றுவதுதான் ஏறக்குறைய ஒரே சிகிச்சை. முதல் அறிகுறியைப் பார்க்கப்போவது டாக்டர் இல்லை. நோட்டை மூடிவைத்த சித்திதான்.

"சொன்னால் பயந்து மருந்தையே நிறுத்திடுவாங்க சார்." எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் நண்பர் இப்படித்தான் சொன்னார். அவர் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சிறுநீரகம் மாற்றியவர் மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். நிச்சயமான ஆபத்து அது. அதனால் இதைப் படிக்கிற யாரும் இன்று இரவு மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பண்ணவே கூடாது. ஆனால் நண்பரிடம் நான் கேட்டது இதுதான்: 2006ல் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் பயப்படாதவர்களா? எண்ணிக்கையை முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகும் மருந்தைக் கேட்டார்கள். பயந்து ஓடவில்லை. வட்டிக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் போடுகிற நம் பெண்களுக்கு 'பத்தாயிரத்தில் ஒண்ணு' புரியாதா? அரைகுறையாக, வேறு யாரோ மூலமாகத் தெரியவரும்போதுதான் ஜனங்கள் மருந்தை நிறுத்துகிறார்கள். சொன்ன டாக்டரை யாரும் விட்டுப் போவதில்லை.

அடுத்த சமாதானம், "இந்தியாவில் இது ரொம்பக் கம்மி". இருக்கலாம். எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில் மேலை நாடுகளில் எய்ட்ஸ் நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை பி.எம்.எல். பார்த்தார்கள். இங்கே அவ்வளவு இல்லை. ஏன்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் 2003லேயே கட்டுரை எழுதி, தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள்: இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இது குறைவாக இருக்க உயிரியல் காரணம் உண்டா? நம் ஊர் வைரஸின் வகை வேறாக இருக்கலாம். டி.பி.யும் மூளைக் காய்ச்சலும் முந்திக்கொண்டு ஆளைக் கொண்டுபோயிருக்கலாம். இல்லை, பெல்ஜியத்து ஃபைல் மாதிரி வேறு பெயர் எழுதி மூடியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கவே வழியில்லாதவரின் மூளையில் எது இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு நாமே சாட்சி. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், 'எய்ட்ஸாவது, இந்தியாவிலாவது' என்று எல்லோரும் சொன்ன காலத்தில், ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்க்க வைத்தார். ஹெச்.ஐ.வி. இருந்தது. நாட்டின் முதல் கண்டுபிடிப்பு. அன்றைக்கு அதை ஒப்புக்கொண்டதால்தான், 2004 ஏப்ரலில் இலவச கூட்டு மருந்துத் திட்டம் வந்தபோது தாம்பரம் ஆஸ்பத்திரி தயாராக இருந்தது. ஹெச்.ஐ.வி.யோடு வருகிற பி.எம்.எல்.லுக்கு அந்தக் கூட்டு மருந்தே இன்றைக்கும் இருக்கிற ஒரே கவசம். எதிர்ப்புச் சக்தி எழுந்தால் வைரஸ் அடங்குகிறது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற எந்த மருந்தை ஆரம்பித்தாலும், ஒரு பக்கத் தாள், தமிழில். இந்த மருந்து எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும், எத்தனை பேரில் ஒருவருக்கு என்ன வரலாம், எதைப் பார்த்தால் உடனே ஓடி வரணும். நாலே பத்தி. ஒரு ரூபாய் ஜெராக்ஸ். லட்சக்கணக்கில் பில் போடுகிற ஆஸ்பத்திரிக்கு இது செலவா?

அது வரும்வரை நீங்களே கேளுங்கள். அதட்டாமல், ஆனால் விடாமல் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். மருந்தால் ஏதோ ஆகியிருக்கிறது என்று தோன்றினால் முதலில் டாக்டர். அதோடு, 2010ல் மத்திய அரசு ஆரம்பித்த மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளியே புகார் பதியலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. உங்கள் ஒரு போன், யாரோ ஒருவரின் மூடிய ஃபைலைத் திறக்கலாம்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் சித்தியிடம் மெதுவாகச் சொன்னேன். பயந்துவிடுவாரோ என்று எனக்குத்தான் பயமாக இருந்தது. முழுசாகக் கேட்டார். உள்ளே போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்தார். "பேச்சு குழறினா, ஒரு பக்கம் கை வலுவில்லாம போனா, கண்ணு மங்கினா..." என்று வரிசையாக எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இவ்வளவுதானே? இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"